குழல் விளக்கு உடைந்தால் என்ன செய்வது? பணமும் தூக்கமும் போன பிறகு எழுதுகிறேன்

2024ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு வீட்டு விளக்குகளை மாற்ற முடிவு செய்தோம். சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் மறுவிற்பனையில் வாங்கிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுடையது. முன்பு குடியிருந்தவர்கள் படுக்கையறையிலும் வரவேற்பறையிலும் மேற்கூரைக்குக் கீழே பலகை அடித்து, அதன் விளிம்புக்குள் மெல்லிய குழல் விளக்குகளை வரிசையாக மறைத்து வைத்திருந்தார்கள். சில எரியவே இல்லை, ஒன்று இரவெல்லாம் மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பருவநிலைப் பற்றுச்சீட்டில் எல்இடி விளக்குகளும் வாங்கலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். பொருத்துகிற கூலி மட்டும் கையிலிருந்து. அந்த நேரம் பார்த்து மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, கணவர் திருச்சிக்குப் போயிருந்தார். வீட்டில் நானும், தவழத் தொடங்கியிருந்த பத்து மாத மகளும்தான்.

மின்பணியாளர் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். தமிழ்த் தம்பிதான், மரியாதையாகப் பேசினார், வேலையும் வேகம். வரவேற்பறையை முடித்துவிட்டுப் படுக்கையறைக்குள் ஏணியைக் கொண்டுபோனார். வெயில் கடுமையாக இருந்ததால் சன்னல்கள் மூடியிருந்தன, குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. மகள் வெளியே தொட்டிலில் இருந்தாள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழலின் முனை பிடிப்பானில் இறுகிக் கிடந்தது. அவர் திருகினார், வரவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார். நடுவில் முறிந்து, பாதி கட்டிலிலும் பாதி தரையிலும் விழுந்து சிதறியது. மெத்தை விரிப்பின் மேல், கட்டிலின் அடியில், மகளின் நுரைப்பாயின் ஓரத்தில் எல்லாம் கோலமாவு தூவியதைப் போல வெள்ளைப் பொடி.

“ஒன்றும் ஆகாது அக்கா, வெறும் கண்ணாடிதான். தள்ளி நில்லுங்கள், நான் சுத்தம் செய்துவிடுகிறேன்” என்றார். துடைப்பத்தால் பெருக்கினார். பிறகு மூலையில் சார்ஜில் நின்ற எங்கள் வேக்குவம் கிளீனரை எடுத்து மெத்தை, தரை, பாய் மூன்றையும் இழுத்துவிட்டார். பார்ப்பதற்கு அறை பளிச்சென்று ஆகிவிட்டது. மிச்ச வேலையை முடித்து, 180 வெள்ளி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, கழற்றிய பழைய குழல்களை டேப் போட்டுக் கட்டிச் சமையலறைக் கதவோரம் சாய்த்து வைத்தார். “இதைக் குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். நீளமாக இருந்தால் உடைத்துப் போடுங்கள்.” தினமும் விளக்கு கழற்றுவதையே தொழிலாகச் செய்கிறவர் சொன்ன வார்த்தை இது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

மகளை அதே அறையில் தூங்கவைத்தேன். சமையலறையைப் பெருக்கும்போது அந்தப் பழைய குழல்களை நகர்த்த வேண்டியிருந்தது. குழலின் முனையில் பொடி எழுத்தில் வாட் அளவு, தயாரித்த நாடு, பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் எச், ஜி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பள்ளிக்கூட வேதியியல் எங்கிருந்தோ எழுந்து வந்தது. பாதரசம். வயிற்றில் ஏதோ புரண்டது. கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். அதுதான் அன்றைய பெரிய வேதனையின் தொடக்கம்: ஒரு பக்கத்தில் உடனே வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், அடுத்த பக்கத்தில் இதெல்லாம் தேவையில்லாத பயம் என்கிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் ஒருத்திக்கு இந்த இரண்டு பதிலாலும் பயனில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் கையால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும். அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதலை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2008இல் விளக்குகளை வேண்டுமென்றே உடைத்து, அறைக்காற்றில் பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தது. அதிலிருந்து வந்த அறிவுரைகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் முந்தி. போகும் வழியில் யாரும் கண்ணாடியை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செருப்பில் ஒட்டி வீடெங்கும் போகும். குளிரூட்டியை அணையுங்கள். வெளிச்சுவர்ப் பக்கத்துச் சன்னலை முழுவதும் திறந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, குறைந்தது பத்து நிமிடம் உள்ளே போகாதீர்கள். பெருக்கும் அவசரம் வேண்டாம். பாதரசம் அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும் உலோகம், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. உடைந்த முதல் சில நிமிடங்களில்தான் காற்றில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும். நம் வீவக வீடுகளில் சன்னலைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உட்காரும் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு எதிரி. சுவரில் தொங்கும் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது.

எதிர்வீட்டு மலாய்ப் பாட்டியை நாங்கள் நெனெக் என்றுதான் கூப்பிடுவோம். மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து சன்னல்களைத் திறந்தேன், குளிரூட்டியை நிறுத்தினேன், கதவைச் சாத்திவிட்டு நடைக்கூடத்தில் நின்று அழுதேன். கணவரை அழைத்தபோது அவர் மருத்துவமனை வராந்தாவில் இருந்தார். “நான் கிளம்பி வந்துவிடட்டுமா?” என்றார். “வேண்டாம், அத்தையைப் பாருங்கள்” என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

சுத்தம் செய்வதில் யாரும் எனக்குச் சொல்லாதது இது: துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் தொடவே கூடாது. துடைப்பம் பொடியைப் பரப்புகிறது. வேக்குவம் கிளீனர் பொடியை உறிஞ்சி, பின்பக்கம் சூடான காற்றோடு அறைக்குள்ளேயே துப்புகிறது, பிறகு அதன் வயிற்றிலும் வடிகட்டியிலும் மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. கெட்டியான அட்டை இரண்டை எடுத்து, ஒன்றால் தள்ளி மற்றொன்றில் அள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சில்லுகளுக்கும் பொடிக்கும் அகலமான ஒட்டுநாடாவைத் தரையில் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு ஈரத் தாளால் துடைக்க வேண்டும். ரப்பர் கையுறை அவசியம். நான் ஒன்றைக் கண்டுகொண்டேன்: மேல் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் ஒளியைத் தரைமட்டத்தில் சாய்த்துப் பிடித்தால், ஓட்டின் இடுக்கில் கிடக்கும் சில்லெல்லாம் மின்னுகின்றன. மின்பணியாளர் ‘சுத்தம் செய்த’ தரையிலிருந்து அப்படித்தான் ஒட்டுநாடா ஒட்டுநாடாவாக வெள்ளைப் பொடியை எடுத்தேன். கட்டில் காலின் அடியில் குழலின் உலோக முனை ஒன்று, இரண்டு கம்பிகளும் அப்படியே, பொடி அப்பிக் கிடந்தது.

எடுத்ததையெல்லாம், துடைத்த தாள், கையுறை, ஒட்டுநாடா உட்பட, இறுக்கமான உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட வேண்டும். பெரிய ஊறுகாய்ப் புட்டி ஒன்று இருந்தது, போதவில்லை. மிச்சத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் இரண்டடுக்காகப் போட்டு மூடினேன். கண்ணாடிப் புட்டிதான் மேல், பிளாஸ்டிக் பை ஆவியை முழுதாக நிறுத்தாது. அதனால் கட்டிய பையை வீட்டுக்குள் வைக்காமல், குழந்தைகள் கை எட்டாத வெளியிடத்தில் வைப்பது நல்லது. பிறகு பல மணி நேரம் சன்னல் திறந்தே இருக்கட்டும். மின்விசிறியைச் சன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தால் காற்று வெளியே போகும்.

துணி விஷயத்தில் ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் எனக்குப் பணம் மிச்சமாகியிருக்கும். கண்ணாடியும் பொடியும் நேரடியாக விழுந்த துணியைத் துவைக்கக்கூடாது. சில்லு துணியில் தங்கும், சலவை இயந்திரமும் கெடும், கழிவுநீரிலும் கலக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். ஆனால் அதே அறையில் இருந்த, எதுவும் மேலே படாத துணியை வழக்கம்போலத் துவைத்துக்கொள்ளலாம். நான் அன்றைய பயத்தில் அலமாரிக்கு வெளியே தொங்கிய புடவைகளைக்கூட மூட்டை கட்டிவிட்டேன். அவற்றில் ஒன்று மகளின் பெயர்சூட்டு விழாவுக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது. அந்த மூட்டையை மறுநாள் நெனெக்தான் தடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

இரவு நெனெக் வீட்டுச் சோபாவில் படுத்தேன். தூக்கம் எங்கே வரும்? விடியற்காலை மகள் இருமினாள். அந்த இருமல் என் நெஞ்சில் குத்தியது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பற்றிச் சின்ன வயதில் அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் பழைய சாமான் கடைக்குப் போனது தெரியவந்து 2001இல் மூடப்பட்ட ஆலை. ஜப்பானின் மினமாட்டாவைப் பற்றியும் படித்திருக்கிறேன். 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது, ரசாயன ஆலையின் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, அதை உண்டவர்களின் நரம்பைச் சிதைத்த கதை. அந்தப் படங்களெல்லாம் இரவு முழுவதும் கண்ணுக்குள் ஓடின.

காலையில் அக்கம்பக்க மருந்தகத்தில் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். எத்தனை விளக்கு, எவ்வளவு நேரம் குழந்தை உள்ளே இருந்தாள், எப்போது சன்னலைத் திறந்தீர்கள், மூச்சுத்திணறல் உண்டா, காய்ச்சல் உண்டா. பரிசோதித்துவிட்டு, இது சாதாரணச் சளி, மூக்கும் ஒழுகுகிறது பாருங்கள் என்றார். ரத்தப் பரிசோதனை எழுதித் தரும்படி நான் கெஞ்சினேன். ஒரு விளக்கு உடைந்து, சில மணி நேரத்துக்குள் காற்றோட்டம் கொடுத்த வீட்டில் அதற்கு அவசியமில்லை, பத்து மாதக் குழந்தையைக் குத்துவதற்குக் காரணம் வேண்டும் என்றார். மூச்சுவிடச் சிரமம், விடாத இருமல், வழக்கத்துக்கு மாறான சோர்வு தெரிந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவர் சொன்னதும் பிறகு நான் படித்ததும் சேர்ந்து அளவு புரிந்தது. ஒரு சிறிய மின்சேமிப்பு (சி.எஃப்.எல்.) விளக்கில் சராசரியாக 4 மில்லிகிராம் அளவே பாதரசம் இருக்கிறது, என் வீட்டில் உடைந்த மெல்லிய குழல் வகையிலும் சில மில்லிகிராம்தான். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் 500 மில்லிகிராம், நூறு மடங்குக்கு மேல். விளக்கு உடையும்போது அந்தச் சில மில்லிகிராமும் ஒரேயடியாகக் காற்றில் கலப்பதில்லை. எரிந்து பழகிய விளக்கில் பெரும்பகுதி கண்ணாடியிலும் அந்த வெள்ளைப் பொடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பொடியை எடுப்பது முக்கியம். விழுங்கிய உலோகப் பாதரசம் உடலில் ஏறுவது மிகக் குறைவு. மூச்சில் போனால்தான் ஏறக்குறைய 80 விழுக்காடு உடலில் தங்கிவிடுகிறது. தரையோடு தரையாகத் தவழ்வதாலும், உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுப்பதாலும் குழந்தைகளுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். ஆக, பயந்து ஓட வேண்டிய விஷயமில்லை, சன்னலைத் திறக்காமல் விடுகிற விஷயமும் இல்லை. வீட்டில் பழைய தெர்மாமீட்டர் இருந்தால் விளக்கைவிட அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

பணம் போன கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையே ஒரு துப்புரவு நிறுவனத்தை அழைத்தேன். ‘பாதரச நீக்கம்’ என்று 850 வெள்ளி கேட்டார்கள். கொடுத்துவிடும் மனநிலையில்தான் இருந்தேன். “வேலை முடிந்ததும் அறையில் பாதரசம் இல்லை என்பதை எந்தக் கருவியால் அளந்து காட்டுவீர்கள்?” என்று கேட்டேன். கருவி எதுவும் இல்லை, நீராவியால் கழுவுவோம் என்றார்கள். சூடுபட்டால் வேகமாக ஆவியாகும் ஒன்றுக்கு நீராவி! வைத்துவிட்டேன். யாராவது உங்களுக்கு இப்படி விலை சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பாதரச ஆவியை அளக்கும் கருவிகள் உண்டு, அது இல்லாதவர் செய்யப்போகும் வேலை நீங்கள் ஒட்டுநாடாவால் செய்ததைவிட மேலாக இருக்கப்போவதில்லை.

ஆனாலும் செலவு நிற்கவில்லை. வேக்குவம் கிளீனர் 420 வெள்ளிக்கு வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பை வைத்த இயந்திரமாக இருந்தால் பையை மூடித் தூக்கிப்போட்டுவிட்டு, உட்புறத்தை ஈரத் தாளால் துடைத்துக்கொள்ளலாம். எங்களுடையது பை இல்லாத வகை, வடிகட்டியெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது, உருளைத் தூரிகையில் சில்லுகள் சிக்கியிருந்தன. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதை மறுபடி ஓட்ட மனம் வரவில்லை. மெத்தை 600 வெள்ளி. அதன் மேலுறையின் தையலுக்குள் பொடி இறங்கியிருந்தது, மின்பணியாளர் வேக்குவம் கிளீனரால் அழுத்தி இழுத்ததே காரணம். நுரைப்பாய் 70, விரிப்பும் தலையணைகளும் 90, குளிரூட்டிக் கழுவலுக்கு 120, மருத்துவருக்கு 45. கூட்டிப் பாருங்கள், ஆயிரம் வெள்ளியைத் தாண்டி எங்கோ போகிறது. மிச்சமிருந்த ஆண்டு விடுப்பையும் இதற்கே எடுத்தேன். குளிரூட்டிக் கழுவல் தேவையில்லாத செலவு என்று இன்று நினைக்கிறேன், வடிகட்டித் தகட்டை ஈரத்துணியால் துடைத்திருந்தாலே போதும். மெத்தையை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. வேலைக்கு அனுப்பிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டேன். ‘விளக்கு உடைவது சகஜம்’ என்று பதில் வந்தது. விளக்கு உடைவது சகஜம்தான். உடைந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தன் ஆளுக்குச் சொல்லித் தராமல் அனுப்புவது எந்தக் கணக்கில் சேரும்?

இனி, கதவோரம் சாய்ந்திருந்த பழைய குழல்கள். இதைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் தெளிவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குப்பைக் குழாயில் போட்டால் பல மாடி உயரத்திலிருந்து விழுந்து, கீழே அறையில் தூளாகும். அங்கே குப்பை அள்ளுகிறவர் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்தோ பங்ளாதேஷிலிருந்தோ வந்த ஒரு தம்பி. அந்தக் காற்றை அவர்தான் மூச்சில் இழுப்பார். அடுத்து அது எரியுலைக்குப் போகிறது. சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிரப்பு நிலத்துக்குப் போகிறது. 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பாதரசம் உலையில் சாம்பலாகாது, புகையோடு கிளம்பும், அதை வடிகட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போடுவதும் தவறு. கண்ணாடிதானே என்று பலர் போடுகிறார்கள். அங்கே தாளோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்ந்து நசுங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு கடை ஊழியரே என்னிடம் நீலத் தொட்டியைக் காட்டினார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சரியான வழி இங்கே இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பைச் சட்டம் உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கிறது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கீழ் அல்பா நிறுவனம் தீவெங்கும் மின்கழிவுப் பெட்டிகளை வைத்தது. சமூக மன்றங்கள், கடைத்தொகுதிகள், பேரங்காடிகள் எனப் பல இடங்களில் இருக்கின்றன. எல்லாப் பெட்டியிலும் விளக்கு போட முடியாது. சில மின்கலத்துக்கு மட்டும், சில கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கும் சேர்த்து. எது எதை ஏற்கும் என்பது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும், இணையத்திலும் இடவாரியாகப் பார்க்கலாம். 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மின்பொருள் கடைகள் தங்கள் கடைக்குள்ளேயே விளக்குகளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இது தெரியாமல் நான் சின்னச் சின்னக் கடைகளாக ஏறி இறங்கினேன். அவர்கள் மறுத்ததில் அவர்கள் மேல் குற்றமில்லை.

நீளமான குழல் என்றால் பெட்டியின் வாய்க்குள் நுழையுமா என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் போன முதல் பெட்டியின் வாய் குண்டு விளக்குக்கு மட்டுமே போதுமாக இருந்தது. குழல்களைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் நெரிசல் நேரத்தில் ஏறாதீர்கள். புது எல்இடி வந்த அட்டை உறைக்குள்ளேயே பழைய குழலைப் போட்டு, இரு முனையிலும் செய்தித்தாளைத் திணித்து, டாக்சியில் கால்மாட்டில் கிடத்திக் கொண்டுபோனேன். அதுவே பாதுகாப்பான வழி. ஆகவே புது விளக்கின் அட்டையை உடனே கிழித்துப் போடாதீர்கள். உடைந்ததை அந்தப் பெட்டியில் போடக்கூடாது. அதைக் காலி செய்கிறவர் கையைக் கிழிக்கும். மூடிய புட்டியையும் பைகளையும் மேலும் ஒரு தடித்த பையில் கட்டி, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதி ஒட்டி, குப்பைக் குழாயில் தள்ளாமல் கீழே துப்புரவு ஊழியரிடம் சொல்லி ஒப்படைத்தேன். மெத்தையை நகர மன்றத்தின் ஆட்கள் இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஏன் சுற்றியிருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொன்னேன்.

என் அலுவலகத் தோழி ஒருத்தி, “மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லித்தானே இவற்றை விற்றார்கள், ஏன் விஷத்தைப் போட்டார்கள்?” என்று கேட்டாள். பாதரசம் இல்லாமல் அந்த விளக்கு எரியாது. குழலுக்குள் மின்சாரம் பாயும்போது பாதரச அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடுகின்றன. உட்சுவரின் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக்கித் தருகிறது. பழைய இழை விளக்கோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கு மின்சாரமே போதும். நிலக்கரி எரிக்கும் நாடுகளில் மின்சாரம் மிச்சமானால் நிலக்கரிப் புகையில் வரும் பாதரசமும் மிச்சம் என்ற வாதம் நியாயமானது. ஆனால் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இங்கே அந்த ஆறுதலுக்கு அவ்வளவு இடமில்லை. இன்று எல்இடி வந்துவிட்டது, அதில் பாதரசமே கிடையாது, மின்சாரமும் இன்னும் குறைவு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும், சிங்கப்பூர் 2017இல் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தத்தின்படி, குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த 2023இல் நாடுகள் உடன்பட்டன. ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டிலும் பழையவை கழற்றப்படப் போகின்றன. ஒரு விளக்கின் சில மில்லிகிராம் சிறிது. ஒரு புளோக்கின் எல்லா வீடுகளும் குப்பைக் குழாயில் போட்டால் அது சிறிதில்லை.

சமையலறை வட்ட விளக்கும் கழிவறையில் முன்னவர்கள் விட்டுப்போன பி.எல்.சி. எனும் சிறிய மின்சேமிப்புக் குழல் விளக்கும் பாக்கி இருந்தன. கணவர் திரும்பிய பிறகு வேறொருவரை அழைத்தோம். விலை கேட்பதற்கு முன்பே நான் கேட்டவை இவை: பழைய விளக்கை நீங்களே எடுத்துக்கொண்டு போய் மின்கழிவில் சேர்ப்பீர்களா, கழற்றும்போது கீழே விரிக்கத் தாள் கொண்டுவருவீர்களா, உடைந்தால் என்ன செய்வீர்கள். மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும் என்றேன். இரண்டு பேர் அதற்குப் பிறகு பதிலே போடவில்லை. மூன்றாமவர் நடுத்தர வயதுச் சீனர். உடைந்தால் முதலில் சன்னல், அடுத்து நீங்கள் எல்லாரும் வெளியே என்று பதில் எழுதினார். வரும்போது மூடியுள்ள நீளப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், பழைய விளக்குகளை அதில் அடுக்கி எடுத்துப்போனார், கட்டிலை நகர்த்தாமல் ஏணியை விரிக்கவில்லை. கூலி முன்னவரைவிட 30 வெள்ளி கூடுதல். அவருடைய எண்ணை எங்கள் மாடியில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன்.